மாலை நான்கரைக்கு விபத்து

லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறும் சாலைக்குக் கீழே நீரேற்று வாரியத்தின் குழாய்த்தளம் இருந்தது. அங்கே விபத்து நடப்பதில்லை. நுழைவாயிலில் நட்டிருந்த பெரிய பலகை அப்படித்தான் சொன்னது. தளம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு விபத்துகூட இல்லை என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதி, அதற்குக் கீழே ஒரு புறாவும் வரைந்திருந்தார்கள்.

விரல் போனவர்கள் இருந்தார்கள். இடுப்பு ஒடிந்தவர்கள் இருந்தார்கள். சங்கிலி நழுவி, தூக்கிய பாரம் நெஞ்சில் இறங்கிச் செத்தவன் ஒருவனும் உண்டு. ஆனால் அவையெல்லாம் விபத்துகள் அல்ல. விரல் போனவன் விரலை வைக்கக் கூடாத இடத்தில் வைத்தான்; அது அஜாக்கிரதை. இடுப்பு ஒடிந்தவன் சாப்பாட்டு வேளையில் விழுந்தான். அது அவனுடைய சொந்த நேரம். செத்தவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு மலையில் கொஞ்ச தூரம் ஏறி, கேரள எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் கிடத்திவிட்டு வந்தார்கள். அதன் பிறகு அது அடுத்த மாநிலத்து விவகாரம்.

எழுபத்துமூன்றாம் வருடம் எல்லாத் தளங்களிலும் பாதுகாப்பு வாரம் கொண்டாட வேண்டும் என்று வாரியம் உத்தரவு போட்டது. கடைசி நாளன்று வாரியத் தலைவரே நேரில் வருவார். அவர் முன்னால் மாதிரி விபத்து ஒன்றும், அதைத் தொடர்ந்து மாதிரி முதலுதவி ஒன்றும் நடத்திக் காட்ட வேண்டும். திருப்தியாக இருந்தால் தளத்துக்குக் கேடயம்.

தளத்தின் பொறியாளர் வைகுண்டராஜுக்கு உடனே ஒரு சங்கடம் வந்தது. அடிபட்டவனாக யாரைக் கிடத்துவது?

"நம்ம தொழிலாளி ஒருத்தன் அடிபட்டுக் கிடக்கிறதைத் தலைவர் பார்க்கக் கூடாது. நாடகத்தில்கூடக் கூடாது. வெளியாளைக் கொண்டுவாங்க" என்று பாதுகாப்பு அதிகாரியிடம் சொன்னார்.

பாதுகாப்பு அதிகாரியின் பெயர் ஜெபமணி. போடிக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம். வாரியத்தில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தவர். சர்ச்சில் பாடிப் பழகிய குரல், மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் என்பதால் அவரைப் பாதுகாப்புக்குப் போட்டார்கள். பதவியோடு ஒரு வெள்ளை ஹெல்மெட்டும் வந்தது. தளத்தில் இருந்த ஒரே ஹெல்மெட் அதுதான். தலையில் எதுவும் விழ வாய்ப்பில்லாத அவருடைய அறையிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். கெட்ட மனிதர் இல்லை. வாரியம் சொல்வதை நம்பினார், அவ்வளவுதான்.

வெளியாள் வேண்டும் என்ற செய்தி, பாரம் தூக்கும் வின்ச் அருகே நின்ற அழகருக்குப் போனது. அழகர் கலாசி, குழாய்க்கு ரோப் கட்டி, கையைக் காட்டித் தூக்கவும் இறக்கவும் சொல்கிறவன். அவன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஜெபமணியின் அறை வாசலில் போய் நின்றான்.

"எங்க மச்சான் வடுகபட்டில இருக்காரு சார். பூண்டு மண்டியில மூடை தூக்குறாரு. திருவிழா நாடகத்துல செத்து விழுகிற வேசம்னா அவரைத்தான் கூப்பிடுவாக. நல்லாச் சாவாரு சார்."

"சாக வேண்டாம்ப்பா. காயம் மட்டும் போதும்."

"அதுவும் செய்வாரு."

இப்படித்தான் முத்துக்கருப்பன் லோயர் கேம்ப்புக்கு வந்து சேர்ந்தான். நாற்பது வயது, அகலமான முதுகு, யார் என்ன சொன்னாலும் முதலில் "சரிங்க" என்று சொல்லிவிட்டு அப்புறம் யோசிக்கிற சுபாவம்.

"எங்கன அடி சார்?" என்று ஜெபமணியிடம் கேட்டான்.

"இடது கையில. முதலுதவிக் குழுவுக்கு இடது கைக்குக் கட்டுப் போட மட்டுந்தான் தெரியும். சொல்லிக் கொடுக்க வந்தவர் அதோட பஸ்ஸுக்குப் போயிட்டார்."

முத்துக்கருப்பன் இடது கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டு விழுந்தான். மேஜை அதிர்ந்து மைக்கூடு கவிழ்ந்தது. பக்கத்து அறையிலிருந்து வைகுண்டராஜ் ஓடி வந்து பார்த்தார்.

"நல்லா இருக்கு. சத்தம் மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க. தலைவருக்கு ரத்தக்கொதிப்பு."

வீட்டில் முத்துக்கருப்பனின் மனைவி மொக்கம்மாள் விவரம் கேட்டாள்.

"மேல தொங்குறது நெசக் குழாயா, நாடகக் குழாயா?"

"நெசந்தான். ஆனா நம்ம மேல எறக்க மாட்டாக. பக்கத்துல எறக்குவாக."

"யாரு எறக்குறது?"

"ஒந்தம்பிதான் கை காட்டுறான். நான் நல்லாச் செஞ்சா அவனுக்கு வேலை நெரந்தரமாகும்னு சொல்லியிருக்காக."

தம்பி என்றதும் அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஒத்திகை தொடங்கியது. முதலில் வைக்கோல் அடைத்த சாக்கைத் தூக்கி இறக்கினார்கள். வைகுண்டராஜுக்குப் பிடிக்கவில்லை; வைக்கோல் சாக்கால் அடிபட்டவன் என்றால் தலைவர் சிரிப்பார் என்றார். சாக்கில் மணல் அடைத்தார்கள். மணல் சாக்கு இறங்கும்போது தையல் பிரிந்தது. ஒரு பக்கம் கனம் போய், மறுபக்கம் சாய்ந்து, முத்துக்கருப்பனின் தோளில் வந்து இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் அவனுக்கே கேட்டது. வாயில் மணலோடு கிடந்தவனை முதலுதவிக் குழு ஓடி வந்து புரட்டி, இடது கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் அழகாகக் கட்டியது. அதற்காக அந்தக் கையை உயர்த்திப் பிடித்தார்கள். உடைந்தது அந்தத் தோள்தான். முத்துக்கருப்பன் போட்ட சத்தத்தைக் கேட்டு, பாறையடியில் படுத்திருந்த நாய்கள் எழுந்து ஓடின.

"இந்தச் சத்தம் சரியா இருக்கு" என்றார் வைகுண்டராஜ்.

ஜெபமணி மட்டும் கொஞ்சம் கலங்கினார். அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்து, "இது ஒத்திகைதானே. விசேஷத்தன்னிக்கு இப்படி ஆகாது" என்று தேற்றினார்.

முத்துக்கருப்பன் ஊருக்குப் போய்விடுகிறேன் என்றான். அழகர் அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"மச்சான், இன்னும் ஒருநாக் கூத்து. இதை விட்டா என்னைய எப்ப நெரந்தரமாக்குவாக? அக்காகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"சரி" என்றான் முத்துக்கருப்பன். பிறகு யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள், சட்டைக்குள் வைப்பதற்காகக் கம்பத்துக் கசாப்புக் கடையில் ஆட்டு ரத்தத்துக்குச் சொல்லிவிட்டார்கள்.

வாரியம் அந்த வாரம் ஒரு நல்ல காரியமும் செய்தது. புத்தம் புதிய இரும்பு ரோப் ஒரு சுருள் அனுப்பியது. எண்ணெய் மினுங்க அது வந்து இறங்கியதும் கலாசிகள் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்கள். வின்ச்சில் இருந்த பழைய ரோப்பில் இழைகள் பிரிந்து முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன; இழுத்து இழுத்து அவர்கள் உள்ளங்கையெல்லாம் கிழிந்திருந்தது. ஆனால் புது ரோப்பை வைகுண்டராஜ் வரவேற்பு வளைவுக்குக் கொடுத்தார். மூங்கிலும் தென்னங்கீற்றும் வைத்துக் கட்டிய உயரமான வளைவு. மலைக்காற்றுக்குச் சாய்ந்துகொண்டே இருந்தது. தலைவர் தலையில் அது விழுந்துவிட்டால் பாதுகாப்பு வாரத்துக்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

"அப்ப குழாய்க்கு, சார்?" என்று அழகர் கேட்டான்.

"பழைய ரோப்புக்கு என்ன? அதுலதானே தினமும் தூக்குறோம். அது சரியில்லைன்னா நாம தினமும் தப்பு செஞ்சுக்கிட்டிருந்தோம்னு அர்த்தமாகும். நாம தப்பு செய்யறவங்க இல்லை. அதனால ரோப் சரியாத்தான் இருக்கு."

அழகர் போய் ரோப்புக்குக் கிரீஸ் தடவினான்.

விழாவன்று சாமியானா போட்டு, நாற்காலி வரிசை போட்டு, மேடையில் கேடயத்தை வைத்திருந்தார்கள். தேக்குப் பலகையில் பித்தளைத் தகடு அடித்த, நல்ல கனமான கேடயம். மேடைக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வண்டி ஒன்று வாழைமரம் கட்டி நின்றது. அச்சடித்த அழைப்பிதழில் வரவேற்புரை, தலைமையுரை, விபத்து, முதலுதவி, நன்றியுரை என்று வரிசையாகப் போட்டு, விபத்துக்கு நேராக மாலை நான்கரை என்று குறித்திருந்தார்கள். மொக்கம்மாளும் வடுகபட்டியிலிருந்து வந்து பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஏற்பாடு இதுதான். குழாய் மேலே தொங்கும். அதன் கீழே முத்துக்கருப்பன் பீடி குடித்தபடி அஜாக்கிரதையான தொழிலாளியாக நிற்பான். தலைவர் பேசி முடித்ததும் அழகர் கை காட்டுவான். குழாய் ஓரமாக இறங்கும். முத்துக்கருப்பன் சட்டைக்குள் இருக்கும் ரத்தப் பலூனை அமுக்கி விழுவான்.

தலைவர் பேச எழுந்தார். குழாய் ஏற்கனவே மேலே ஏறியிருந்தது.

"பாதுகாப்பு என்பது நமது வாரியத்தின் உயிர்மூச்சு" என்று தொடங்கினார். "நான் இந்தத் துறையில் முப்பது வருடம் இருக்கிறேன். என் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. என்ன காரணம்? நான் ஒருநாளும் பாரத்துக்குக் கீழே போனதில்லை. நான் கடைப்பிடித்த இந்த எளிய வழியை ஒவ்வொரு தொழிலாளியும் ஏன் கடைப்பிடிக்கக் கூடாது?"

கைதட்டல். வெயில் முகத்தில் அடிக்க, முத்துக்கருப்பன் இரண்டாவது பீடியைப் பற்றவைத்தான். தலைக்கு மேலே குழாய் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"கயிறு விலை உயர்ந்த பொருள். இயந்திரம் அதைவிட விலை உயர்ந்தது. ஆனால் மனிதனுக்கு விலை கிடையாது. அதனால்தான் அவன் கணக்கில் வருவதில்லை. ஒருவன் போனால் மறுநாளே இன்னொருவன் வந்துவிடுவான் என்பது உண்மைதான். இருந்தாலும், அந்த இன்னொருவனும் மனிதன்தானே? தொங்கும் பாரத்துக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. அதோ நிற்கிறாரே, அவரைப் போல" என்று கையை நீட்டினார்.

எல்லோரும் முத்துக்கருப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் பார்க்கிறார்களே என்று அவன் நிமிர்ந்து நின்றான். அப்போது ரோப் அறுந்தது.

பாறைக்கு வைத்த வெடி போல ஒரு சத்தம். அறுந்த நுனி சாட்டையாகச் சுழன்று வந்து அழகரின் வாயில் அடித்தது. அவன் பல்லும் ரத்தமும் சாமியானாத் துணியில் தெறித்தன. அந்தச் சத்தத்துக்குத் துள்ளியதால் முத்துக்கருப்பனின் தலை தப்பியது. குழாய் அவன் வலது காலில், முழங்காலுக்குக் கீழே இறங்கி, மண்ணில் புதைந்து நின்றது.

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. விபத்து இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"பிரமாதம்" என்றார் தலைவர். "ரத்தம் ஆட்டு ரத்தமா?"

"ஆமா சார். கம்பத்துல வாங்கினது" என்றார் வைகுண்டராஜ்.

முதலுதவிக் குழு ஓடியது. முத்துக்கருப்பன் மண்ணைப் பிறாண்டிக்கொண்டு கத்தினான். அவர்கள் அவனுடைய இடது கையைப் பிடித்து, பழகியபடி மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். "காலு, காலு" என்று அவன் கத்தினான். குழுவில் ஒருவன், "கை கையின்னு சொல்லுங்கண்ணே. மாத்திச் சொல்றீக" என்று காதோடு திருத்தினான்.

பெண்கள் பக்கத்தில் மொக்கம்மாள் எழுந்துவிட்டாள். புருஷன் செத்து விழுந்ததை அவள் எத்தனையோ திருவிழாவில் பார்த்திருக்கிறாள். வாளால் குத்துப்பட்டுச் செத்திருக்கிறான், விஷம் குடித்துச் செத்திருக்கிறான். எந்தச் சாவிலும் அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டான்.

நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். சட்டைக்குள் ரத்தப் பலூன் உடையாமல் அப்படியே இருந்தது. குழாய்க்குக் கீழே கால் போன இடத்தில் மண் குழம்பாக இருந்தது. கலாசிகளுக்கும் அப்போதுதான் புரிந்தது. கடப்பாறையோடு ஓடிவந்து குழாயை நெம்பினார்கள். நெம்பும்போது அவன் கத்தியதற்கும் ஒரு கைதட்டல் விழுந்தது.

மொக்கம்மாள் மேடைக்கு ஓடினாள். அங்கே ஜெபமணிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாலைக்காக அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"வண்டிய எடுக்கச் சொல்லுங்க சாமி. கால் போச்சு."

"கொஞ்சம் பொறும்மா" என்று ஜெபமணி தாழ்ந்த குரலில் சொன்னார். "நன்றியுரை முடிஞ்சதும் வண்டி வரும். அப்படித்தான் போட்டிருக்கு."

"நெசமாவே போச்சு சாமி."

"நெசமாத் தெரியணும்னுதான்மா இவ்வளவு பாடுபட்டோம்."

அவர் அதை அவளைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். மொக்கம்மாள் மேஜையிலிருந்த கேடயத்தை இரண்டு கையாலும் தூக்கி அவர் மண்டையில் இறக்கினாள். பித்தளை விளிம்பு நெற்றியைத் திறந்தது. மாலையோடு அவர் முழங்காலிட்டார். அவள் இன்னொரு முறையும் இறக்கினாள். ரோஜாவும் ரத்தமும் தலைவரின் வேட்டியில் விழுந்தன.

இந்த ரத்தம் அழைப்பிதழில் இல்லை. கூட்டம் முதல்முறையாகப் பயந்தது. தலைவர் நாற்காலியின் மேல் ஏறி நின்று, "விபத்து, விபத்து, வண்டியைக் கூப்பிடுங்க" என்றார். வாழைமரத்தோடு ஆம்புலன்ஸ் பாய்ந்து வந்தது. ஜெபமணியை ஏற்றிக்கொண்டு, மணியடித்தபடி கம்பத்தை நோக்கிப் பறந்தது.

முத்துக்கருப்பனையும் அழகரையும் குமுளியிலிருந்து இறங்கிவந்த பலகை லாரியை மறித்து ஏற்றினார்கள். மொக்கம்மாள் இரண்டு பேர் தலையையும் மடியில் வைத்துக்கொண்டாள். கம்பத்தில் போலீஸ் அவளை இறக்கிக்கொண்டது. லாரி மதுரை வரைக்கும் போனது. அங்கே முத்துக்கருப்பனின் காலை முழங்காலோடு எடுத்தார்கள்.

வாரியம் விசாரணைக் குழு அமைத்தது. கால் போனதைப் பற்றிக் குழு விசாரிக்கத் தேவையில்லை என்று வைகுண்டராஜ் எடுத்துச் சொன்னார்.

"விபத்துன்னா எதிர்பாராம நடக்கிறது. இது பத்து நாள் முன்னாடியே அச்சடிச்சு ஊரெல்லாம் கொடுத்தது. நேரங்கூடப் போட்டிருக்கு. குழாய் விழும்னு இருந்தது, விழுந்தது. ஆள் அடிபடுவார்னு இருந்தது, அடிபட்டார். இதுல எதிர்பாராதது என்ன இருக்கு?"

குழு அதை ஏற்றுக்கொண்டது. அழகரிடம் மட்டும் இதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது, திறக்காவிட்டால் வேலை நிரந்தரம் என்று சொன்னார்கள். தாடை நொறுங்கிக் கம்பி போட்டிருந்ததால் அது அவனுக்குச் சிரமமாக இல்லை.

ஆனால் ஜெபமணியின் மண்டை உடைந்தது விபத்துதான். அதில் குழுவுக்குச் சந்தேகமே இல்லை. பணி நேரத்தில், பணியிடத்தில், வாரியத்தின் ஊழியர் ஒருவருக்கு ஏற்பட்ட காயம். தளத்தின் பலகையை அழிக்க வேண்டியதாயிற்று. புறாவும் சேர்ந்து போனது. கேடயம் வேறு தளத்துக்குப் போனது. ஹெல்மெட் கழன்றிருந்ததே காயத்துக்குக் காரணம் என்று கண்டுபிடித்த குழு, இனிமேல் மாலைகளை ஹெல்மெட்டுக்கு மேலேதான் போட வேண்டும் என்று எல்லாத் தளங்களுக்கும் பரிந்துரை செய்தது. பழைய ரோப்பை அறுந்த இடத்தில் சேர்த்து இரும்புக் கவ்வி போட்டு இறுக்கி, அடுத்த வாரமே குழாய் தூக்கினார்கள்.

மொக்கம்மாளின் வழக்கு உத்தமபாளையம் கோர்ட்டுக்கு வந்தது. மாஜிஸ்திரேட் தலைவலிக்காரர் போல நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்த அதிகாரியை அடிச்சியாம்மா?"

"அடிச்சேன் சாமி."

"ஏன் அடிச்சே?"

"எம்புருசன் கால்ல குழா விழுந்தப்ப எல்லாரும் கை தட்டுனாக. வண்டி கேட்டேன், தரல. இவுக மண்டையில ரத்தம் வந்ததும் வண்டி ஓடியாந்துச்சு. இப்படித்தான் வண்டி வரும்னு தெரிஞ்சிருந்தா மொதல்லயே அடிச்சிருப்பேன்."

மாஜிஸ்திரேட் அவளைப் பார்த்தார். பிறகு ஜெபமணியைப் பார்த்தார். ஜெபமணி தலையில் கட்டோடு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோர்ட் கலையும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது தண்டனை.

"எம்புருசனும் வந்து உக்காரலாமா சாமி? வெளிய ரொம்ப நேரமா ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

"உக்காரட்டும்."

முத்துக்கருப்பன் கக்கத்துக் கட்டைகளை ஊன்றி உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மாடு திருடியது, வாய்க்கால் வரப்பை வெட்டியது என்று மற்ற வழக்குகள் நடந்தன. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருமுறை அவன் இல்லாத காலின் கட்டைவிரல் அரிக்கிறது என்றான். அவள் பெஞ்சுக்குக் கீழே அந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

கோர்ட் கலைந்ததும் வெளியே வந்தார்கள். வாசலில் படிகள். முத்துக்கருப்பன் கட்டையைக் கீழே வைத்துப் பார்த்து, தடுமாறி, திரும்பவும் மேலே வைத்தான். ஜெபமணி ஓரமாகக் காத்துக்கொண்டிருந்தார். அவரைத் திரும்பவும் ஸ்டோருக்கே மாற்றியிருந்தார்கள். தளத்துக்கு வந்த ஒரே விபத்து அவர்தான் என்பதால் அங்கே யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கிட்டே வந்தார். குரல் எழும்பவில்லை.

"பிடிச்சுக்க முத்துக்கருப்பா. நான் தூக்கிவிடுறேன்" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

முத்துக்கருப்பன் இந்த முறை முதலிலேயே யோசித்தான்.

"வேணாம் சார்" என்றான். "நீங்க தூக்குனவரைக்கும் போதும்."

கட்டைகளை மொக்கம்மாளிடம் கொடுத்துவிட்டு, படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்க ஆரம்பித்தான். அவள் கட்டைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவனுக்கு ஒரு படி முன்னால் இறங்கினாள்.